1971 எம்ஜிபி காரில் நீங்கள் செய்த ஏசி வேலை: குறைகளும் பணம் திரும்பக் கோருதலும்

நாள்: ஆகஸ்ட் 18

அனுப்புநர்:
எம்ஜிபி ரோட்ஸ்டர் உரிமையாளர்,
ஃபீனிக்ஸ், அரிசோனா

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கிளாசிக் கார் ஏசி பிரிவு

பொருள்: ஏசி மாற்றம், கூடுதல் விளக்குகள், டிக்கி லக்கேஜ் ரேக் ஆகியவற்றில் செய்த தவறான வேலை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த வண்டியில் எழுபதுகளிலேயே இங்குள்ள டீலர் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்ட ஏசி ஒன்று இருந்தது, யார்க் கம்ப்ரஸருடன். அந்தப் பெட்டியை அழகுக்காக அப்படியே வைத்துக்கொண்டு, யார்க்கை எடுத்துவிட்டு சான்டன் 508 கம்ப்ரஸர் போட்டு, பழைய குளிரூட்டும் கேஸான ஆர்12-லிருந்து அதற்குப் பின் வந்த 134ஏக்கு மாற்றித் தருவதாகப் பேச்சு. மே மாதம் 3,850 டாலர் பில் போட்டீர்கள். ஜூலையில் இரண்டு முறை வண்டி திரும்ப வந்தது. இரண்டு முறையும் கேஸ் ஏற்றி, தலா 180 டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பினீர்கள். "பழைய பிரிட்டிஷ் வண்டி, இவ்வளவுதான் குளிரும்" என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதிலை ஏற்க முடியாது. கோளாறு வண்டியில் இல்லை, நீங்கள் மாட்டிய விதத்தில் இருக்கிறது.

முதலில் கரன்ட். இதில் உள்ளது லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது வண்டிக்குக் கரன்ட் தரும் கருவி. வேகமாகச் சுற்றும்போதே 34 ஆம்ப்தான் தரும். ஐடிலில் அதில் பாதிகூட எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் சேர்த்ததைக் கிளாம்ப் மீட்டரில் அளந்தால் புளோயர் 11, கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க வலை) ஃபேன் 12, கம்ப்ரஸர் கிளட்ச் (கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் காந்தப் பிடி) 4, ஆக 27 ஆம்ப். இக்னிஷனுக்கு 4, ஹெட்லைட்டுக்கும் பின் விளக்குகளுக்கும் 11 என்று கூட்டினால் 42. மாலையில் சிக்னலில் நிற்கும்போது 11.4 வோல்ட் காட்டுகிறது. அந்த வோல்ட்டேஜில் கிளட்ச் காந்தம் தட்டை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கவிடும். தட்டின் முகம் நீலம் பாய்ந்து கிடக்கிறது, 0.4 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.2 ஆகிவிட்டது. உங்கள் ஜாப் கார்டில் இதைக் "கம்ப்ரஸர் பழுது" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்ரஸரில் ஒரு பழுதும் இல்லை.

அதைவிட மோசம், அந்தக் கரன்ட்டை எடுத்த இடம். ஃப்யூஸ் பெட்டியின் பச்சை வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறீர்கள். இந்த வண்டிகளில் பச்சை என்றால் இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் தொங்கும் ஒரே ஃப்யூஸ். அதில் 35 ஆம்ப் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இடம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். லூகாஸ் ஃப்யூஸில் 35 என்பது உருகும் அளவு; தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. அமெரிக்கக் கண்ணாடி ஃப்யூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. லூகாஸ் ஃப்யூஸ் போனதும் உங்கள் ஆள் உள்ளூர்க் கடையின் 30 ஆம்ப் ஃப்யூஸைச் செருகிவிட்டார். இனி ஃப்யூஸுக்கு முன்னால் வயர் உருகும். உருகவும் தொடங்கிவிட்டது: பெட்டிக்குப் பின்னால் இரண்டு அங்குல நீளத்துக்குப் பச்சை உறை பழுப்பேறி, நகம் பட்டால் பொடியாக உதிர்கிறது. ஏசிக்காக பிரேக் லைட்டைப் பணயம் வைத்த வேலை இது.

புளோயர், ஃபேன், கிளட்ச் மூன்றுக்கும் தனித்தனி ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும். மெயின் கரன்ட்டை ஸ்டார்ட்டர் சோலனாய்டில் பழுப்பு வயர்கள் சேரும் முனையிலிருந்து, அங்கேயே ஃப்யூஸ் வைத்து எடுக்க வேண்டும். பச்சை வயர் ரிலேயைத் தட்டிவிட மட்டுமே. ஆல்டர்னேட்டர் 65 ஆம்ப்புக்குக் குறையக் கூடாது. அதிலிருந்து சோலனாய்டு வரை 6 கேஜ் வயர் ஒன்று புதிதாக இழுக்க வேண்டும், பழைய பழுப்பு வயர் அந்தச் சுமையைத் தாங்காது.

அடுத்தது காற்று. ஜாகுவார் இ-டைப்பின் இரண்டாம் சீரிஸில் முன் வாயைப் பெரிதாக்கி, இரட்டை மின் ஃபேனும் வைத்தார்கள். அந்த சீரிஸில்தான் ஏசியையும் விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். எம்ஜிபியின் முன்பக்கத்தை ஏசிக்காக யாரும் பெரிதாக்கவில்லை. இருக்கிற கிரில்லுக்கு முன்னாலும் நீங்கள் பேட்ஜ் பார் என்ற குறுக்குக் கம்பியை வைத்து இரண்டு ஏழு அங்குல டிரைவிங் லைட்டுகளை நிறுத்தி, கண்டென்சரின் காற்றை அடைத்திருக்கிறீர்கள்.

ஃபேனோ இழுக்கும் வகை. அதைக் கண்டென்சருக்கு முன்னால் தள்ளும் ஃபேனாக மாட்டியபோது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற வயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும் என்பது ஃபேனோடு வரும் தாளிலேயே இருக்கும். இப்போது அது இறக்கையின் முதுகுப் பக்கத்தால் காற்றைத் தள்ளுகிறது. போதாததற்கு, கண்டென்சர் துடுப்புகளுக்கு நடுவே நைலான் டை விட்டுக் கட்டியிருப்பதால், இடது கீழ் மூலையில் டை உரசி அலுமினியக் குழாயில் பள்ளம் விழுந்துவிட்டது.

வெளியே 38 டிகிரி, இன்ஜின் 1,500 ஆர்பிஎம். ஹை சைடு, அதாவது கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்தின் அழுத்தம், 330 பிஎஸ்ஐ, வென்ட்டில் 19 டிகிரி. லைட்டுகளைக் கழற்றியதும் 295. கண்டென்சர் மேல் தண்ணீர் தெளித்ததும் 240, வென்ட்டில் 13. காற்று போதவில்லை என்பதைக் காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது, ஒரு வாளித் தண்ணீர் போதும். இரண்டு முறை கேஸ் ஏற்றிய நேரத்தில் ஒரு முறை இதைச் செய்திருக்கலாம்.

கேஸ் ஏன் போனது என்பதற்கும் விடை வண்டியிலேயே இருக்கிறது. ஆர்12 காலத்து ரப்பர் ஹோஸ்களை அப்படியே விட்டிருக்கிறீர்கள். உள்ளே நைலான் படலம் இல்லாத அந்த ஹோஸ் வழியாக 134ஏ மெல்ல வெளியேறும். கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் பழையது; அதிலுள்ள எக்ஸ்ஹெச்-5 வகை உறிஞ்சு மணிகள் 134ஏக்கு ஆகாது, எக்ஸ்ஹெச்-7 அல்லது 9 வேண்டும். கூலிங் காயிலைக் கழுவவே இல்லை: கழற்றிச் சாய்த்தபோது யார்க் ஓடிய காலத்து மினரல் ஆயில் அரை டம்ளர் வடிந்தது. 134ஏ அந்த ஆயிலோடு கலக்காது, கம்ப்ரஸருக்குத் திருப்பிக் கொண்டும் வராது. சான்டனுக்கு எஸ்பி-20 என்ற பிஏஜி வகைச் செயற்கை ஆயில்தான். சிஸ்டத்தில் பிரஷர் சுவிட்ச்சே இல்லை. கேஸ் தீர்ந்தாலும் கம்ப்ரஸர் நிற்காது, அழுத்தம் எகிறினாலும் நிற்காது.

கம்ப்ரஸர் பிராக்கெட்டின் மூன்று போல்ட்டுகளும் 8 மி.மீ., 1.25 பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்). பிளாக்கில் இருப்பது 5/16 அங்குல மரை, அதாவது 7.94 மி.மீ.; பிட்ச்சும் வேறு. இரண்டு சுற்று வரை ஒழுங்காக ஏறுவது போல இருக்கும், பிறகு இறுகும். அதை முறுக்கு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கழற்றியபோது போல்ட் நுனியில் இரும்புத் தூள் சுருளாக ஒட்டியிருந்தது. பிராக்கெட் ஆடியதால் புல்லிகள் 4 மி.மீ. விலகி, பெல்ட் ஓரம் பிசிறிவிட்டது. 1.5 மி.மீ.க்கு மேல் விலகலே கூடாது.

ஹெட்டின் பின்புறம் உள்ள ஹீட்டர் வால்வு மூடிய பிறகும் வெந்நீர் விடுகிறது. இது நீங்கள் போட்ட பொருள் அல்ல. ஆனால் ஏசி மாட்டுகிறவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய ஹோஸ் அதுதான்.

லக்கேஜ் ரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிக்கி மூடியில் நான்கு ஓட்டை போட்டு, விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல், ரப்பர் வாஷர் வைக்காமல் முடுக்கியிருக்கிறீர்கள். துளையிட்ட தூள் மூடியின் உள் சட்டத்துக்குள் விழுந்து, ஒரு மழையிலேயே துருக் கறை வழிந்திருக்கிறது.

பில்லில் உள்ள கூலி 1,500 டாலரையும், இரண்டு முறை கேஸ் ஏற்றிய 360 டாலரையும் திருப்பித் தர வேண்டும். உள்ளே நைலான் படலம் உள்ள புதிய பேரியர் ஹோஸ், டிரையர், இரட்டை பிரஷர் சுவிட்ச், கண்டென்சர், கிளட்ச் ஆகியவற்றைப் பொருளாகவே அனுப்புங்கள். வேலையை வேறு இடத்தில் செய்துகொள்கிறேன். பிளாக்கின் மூன்று துளைகளுக்கு ஹெலிகாயில் (கெட்ட மரையைச் சீராக்கும் கம்பிச் சுருள்) போடும் செலவும், பச்சை வயரை மாற்றும் செலவும், டிக்கி மூடிக்குப் பெயின்ட் செலவும் உங்களுடையவை. மூன்றுக்கும் எஸ்டிமேட் இணைத்திருக்கிறேன்.

21 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு இந்தக் கடிதமும் படங்களும் போகும். நீலம் பாய்ந்த கிளட்ச் தட்டு, பச்சை வயர்த் துண்டு, மூன்று போல்ட்டுகள் எல்லாம் பெயரெழுதிய பையில் இருக்கின்றன. உங்கள் மெக்கானிக் வேலை நாள் எதிலும் வந்து பார்க்கலாம். வரும்போது அங்குல மரை கேஜ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்