விளக்கைப் பார்த்துக் கீபோர்டு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார இணைப்பிதழில் மலிவு விலை மெக்கானிக்கல் கீபோர்டு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கலர் விளக்கு, தோற்றம், விலை எல்லாம் இருந்தது, உள்ளே என்ன சுவிட்ச் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. வீட்டில் டிடிபி வேலை பார்த்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவன் நான், அதனால் இந்தக் கடிதம்.

முதலில் நான் ஏமாந்த கதை. 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று போட்டிருந்த ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன், பிரித்தால் உள்ளே வழக்கமான ரப்பர் தாள். அசல் மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், அதற்குள் தனி ஸ்பிரிங் இருக்கும். விவரத்தில் சுவிட்சின் பெயரும் நிறமும் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் எப்படிப்பட்டது என்பதை நிறத்தால் சொல்லும் இந்தக் கணக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் தொடங்கிவைத்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்து குவித்ததால்தான் விலை நமக்கு எட்டியது. சிவப்பு தடையில்லாமல் இறங்கும், சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுன் நடுவில் லேசாக இடறும். நீலம் ஒவ்வொரு தட்டலுக்கும் டிக்கென்று சத்தம் போடும். கடையில் கேட்க சுகமாகத்தான் இருக்கிறது, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

தமிழ்99 என்ற விசை அமைப்பில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சுவிட்ச் தேய்ந்தால் ஒரு முறை தட்டியது இரண்டு முறையாகப் பதியும். ஆங்கிலத்தில் அது கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-இலோ ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும் என்பதால் 'எடு' என்பது 'எட்டு' ஆகிவிடும், 'படம்' 'பட்டம்' ஆகிவிடும், இரண்டுமே சரியான சொல், பிழைதிருத்தி வாயே திறக்காது. ஒரு நோட்டீஸே இப்படி அச்சாகிப் போனது எனக்கு.

அதனால்தான் ஹாட்ஸ்வாப் உள்ளதை வாங்கச் சொல்கிறேன். கெட்ட சுவிட்சைப் பிடுங்கிவிட்டு, பற்றவைக்காமலே வேறு ஒன்றைச் செருகிவிடலாம், செலவு சில பத்து ரூபாய்தான். ஆனால் ஒன்று, சில மலிவு பலகைகளில் துளை சிறியது, அவுட்டெமு என்ற நிறுவனத்தின் சுவிட்ச் மட்டுமே நுழையும். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அளவு. 61 விசை உள்ள பலகையில், தமிழ்99-இல் ச, ஞ, ந, ய, ழ வரும் நிறுத்தற்குறி விசைகள் எல்லாம் இருக்கும், ஆனால் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது, புரூஃப் திருத்துகிறவருக்கு அது நரகம். 87 விசை உள்ளது போதும், எண்பலகை மட்டும்தான் போகும்.

விளக்கு விஷயம்: விசைகள்மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளே அந்த வெளிச்சம் பாதி மறைந்துவிட்டது. அதற்குத்தான் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்