இரவல் கிண்ணங்கள்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்பு மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். ஏற்காட்டில் விடாத மழை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்காடு லேடீஸ் சீட் பாறையில் அடித்துச் சொன்னாயே, பழைய ராஜாக்கள் ரோஷத்தில் படை எடுத்தார்கள், இப்போதுள்ளவர்கள் சாட்டிலைட் படம் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று. தப்பு மாப்ளே.

கி.மு. 416-415. சிசிலித் தீவிலிருந்து செகெஸ்டா ஊர்க்காரர்கள் கிரேக்க நகரமான ஏதென்ஸிடம் படை கேட்டார்கள், செலவு எங்களுடையது என்றார்கள். பணம் இருக்கிறதா என்று பார்க்கத் தூதர்கள் போனார்கள். வீட்டுக்கு வீடு விருந்து, எங்கும் தங்க, வெள்ளிக் கிண்ணங்கள். பக்கத்து ஊர்களில் இரவல் வாங்கி, வீடு மாற்றி வீடு சுற்றிய அதே கிண்ணங்கள்! கஜானாவில் இருந்தது 30 தாலந்துதான் (தாலந்து என்பது அந்தக்கால கிரேக்கப் பண அளவு). செவ்வாய்பேட்டைப் பட்டறையில் வளர்ந்தவன் நீ, டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்காமல் ஒரு கொலுசு எடுப்பாயா? தூது என்றால் நம் ஔவைதான். தொண்டைமான் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி வைத்திருந்த ஆயுதங்களைக் காட்டினான். அந்தப் பளபளப்பிலேயே அவை களம் காணாதவை என்று கண்டுகொண்டாள். தகடூர் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடந்தன.

ஏதென்ஸில் தளபதி நிசியாஸுக்கு அந்தப் போரே பிடிக்கவில்லை. சபையை மிரட்டத்தான், 60 கப்பல் போதாது, 100 போர்க்கப்பலும் 5,000 கவச வீரர்களுமாவது வேண்டும் என்றார். சபைக்கு ஆசை கூடியது. அத்தனையும் தந்து அனுப்பினார்கள். கி.மு. 413-ல் படையே அழிந்தது. பிடிபட்ட 7,000 பேரை, எதிரி நகரமான சிரக்கூஸின் கல்குவாரியில் அடைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர்தான். நம் மேக்னசைட் குழிகளில் சித்திரை வெயிலில் நின்று அதை நினைத்துப் பார்.

2003 பிப்ரவரி 5. இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஐ.நா.வில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். நடமாடும் கிருமி ஆயுதக்கூடம் என்ற கதைக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட ஓர் இராக்கியர் சொன்னது. அதுவும் இரவல் கிண்ணம்தானே? அதே மாதம் 25-ல் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செக்கி, இராக்கைப் பிடித்தபின் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் வேண்டும் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அதைத் தள்ளிவிட்டார். பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை.

1971 வேறு. நம் ராணுவத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் சொன்னபடி, ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படை எடுக்க முடியாது என்று அவர் இந்திரா காந்தியிடம் சொன்னார்: மழை வந்தால் வங்காள ஆறுகள் கடலாகிவிடும், இமயக் கணவாய்கள் திறந்திருக்கும், சீனா இறங்கலாம். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 9-ல் சோவியத் ஒப்பந்தம். வள்ளுவர் நாலாவதாகச் சொன்ன துணைவலி அது. கணவாய்களைப் பனி மூடிய டிசம்பரில் 3-ம் தேதி தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. சுமார் 93,000 பேர் சிறைப்பட்டார்கள்.

உடனே நீ 1962 சீனப் போரை இழுப்பாய். இழு. அந்த உயரத்துக்குப் பருத்தி உடுப்போடு அனுப்பப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் நானும் உன் பக்கம்தான்.

உன்,
பங்காளி