கல்லறைத் திருநாளுக்குக் களை மருந்து வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு இரண்டு வாரம் முன்பே சேலம் மாவட்டத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பித்துவிடும். இந்த வருடம் அது ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். தயவுசெய்து களை மருந்து அடிக்காதீர்கள், சருகைக் கொளுத்தாதீர்கள். அரிவாளால் அறுத்தால் போதும்.

நான் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் 34 வருடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். களை மருந்து டின்களை எண்ணிக் கொடுத்து, ஸ்பிரேயர் தூக்கும் ஆட்களுக்குப் பேர் பதிந்ததெல்லாம் என் வேலைதான். அதனால் கேள்விப்பட்டதை வைத்து இதை எழுதவில்லை. நாங்கள் அடித்த மருந்து இலையில் பட்டால் வேர் வரைக்கும் இறங்கும். மேலே புல் மஞ்சளாகிக் காய்வது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு செத்துப்போவது தெரியாது.

என் அம்மாவை 1991-ல் எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பின்சுவர் ஓரம், ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தடியில். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அங்கே போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தப் பறவை பழக்கமானது. மைனாவை விடச் சின்னது, மொட்டை வால். முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக் குருவி என்பார்கள். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கிற மாதிரி இரண்டு சுரத்தில் கூப்பிடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. சில இலங்கை வரைக்கும் போகும். நம் மலைக்கு அக்டோபரில் வந்துவிடும். தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி, அடியில் இருக்கும் புழு பூச்சியைப் பொறுக்கித் தின்னும். அம்மாவின் கல்லறைக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும். வருடா வருடம் அது வந்து இறங்குகிற இடம் அதுதான்.

போன அக்டோபர் கடைசியில் அந்த மூலை முழுக்க மருந்து அடித்தார்கள். அடுத்த வாரமே சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். திருநாளன்று கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்குப் போனால் தரை கறுத்துக் கிடந்தது. அதன்மேல்தான் எல்லோரும் சாமந்தி மாலை வைத்தோம். அப்புறம் ஏப்ரல் வரை அந்த மூலையில் ஒரு நாள்கூட அந்தக் குரலைக் கேட்கவில்லை. மருந்தால்தான் வரவில்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் கிடையாது. ஆனால் புரட்டுவதற்குச் சருகே இல்லாத தரையில் அது எதற்காக இறங்கும்?

அதே மூலையில் மழைக்காலத்தில் ஒரு செடி வரும். தரையோடு ஒட்டினாற்போல் இரண்டு இலை, நடுவில் ஒரு காம்பு, அதில் வெள்ளைப் பூக்கள். தரையில் வளர்கிற ஆர்க்கிட் அது. மழை ஓய்ந்ததும் மேல்பகுதி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தூங்கும். அதன் விதை தூசி மாதிரி இருக்கும்; மண்ணில் அதற்கென்று உள்ள பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். ஒரு தடவை அழிந்துவிட்டால் மறுபடி வாங்கி வந்து நட முடியாது. 1963 முதல் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிற ஊர் இது. அங்கே கண்ணாடி அறையில் பார்த்துப் பார்த்து வளர்ப்பதன் உறவுக்காரச் செடி இங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிறது.

கற்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய துரைமார் கல்லறைகளின்மேல் சாம்பலும் மஞ்சளுமாக வட்டம் வட்டமாகப் படிந்திருப்பதை அழுக்கு என்று நினைத்து ஆசிட் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கில்லை, உயிருள்ள கல்பாசி. நம் வீட்டில் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியின் இனம். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் அதில் உண்டு. கல்லறைக் கல்லில் வருடம் பொறித்திருப்பதால், அது வளரும் வேகத்தைக் கணக்கிட ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கற்களைத் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்தின் தேவாலய வளாகங்களில் 700 வகைக்கு மேல் கண்டிருக்கிறார்கள். பளிங்குக் கல்லில் ஆசிட் பட்டால் கல்லே கரையும். பாசியோடு இறந்தவர் பெயரும் போய்விடும்.

மருந்து அடிக்கிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். வடகிழக்கு மழையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடுகிறது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. வயதானவர்கள் மெழுகுவர்த்தி ஏற்ற வரும்போது பாம்பு இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் நியாயம்தான். சரி, நடைபாதையையும் கல்லறைகளைச் சுற்றி இரண்டடியையும் ஒட்ட அறுத்துவிடுங்கள். உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் வேரோடு பிடுங்குங்கள், அவை இந்த மண்ணின் செடிகளே இல்லை. கூட்டிய சருகைக் கொளுத்தாமல் சுவர் ஓரம் குவித்து வையுங்கள். பின்மூலையில் மட்டும் விதை உதிரும் வரை அரிவாள் வைக்க வேண்டாம்.

மலையில் இருப்பவன் என்பதால் மலையைப் பற்றியே எழுதிவிட்டேன். கீழே சேலம் டவுனில் இது இன்னும் அவசரம். அங்கே வீடும் கடையும் நெருக்கிக் கட்டிவிட்ட தெருக்களில், பழைய வேம்பும் புளியும் பொந்தோடு மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டத்திலும் கபரஸ்தானிலும் இடுகாட்டிலும்தான். புள்ளி ஆந்தைக்கு வேறு இடம் ஏது? மரத்தடி வரைக்கும் சிமென்ட் போடுவதையாவது நிறுத்துங்கள்.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரை படைப்பின் காலம் என்று ஜெபிக்கிறோம், பிள்ளைகளை வைத்து மரக்கன்று நடுகிறோம். அந்தக் கன்றுகள் வேர் பிடிப்பதற்குள் பின்சுவர் ஓரம் மருந்து அடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பங்குத்தந்தையர்களும் பங்குப் பேரவையினரும் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் ஒரு வார்த்தை சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு அக்டோபர் கடைசி இரண்டு சனிக்கிழமையும் காலை 7 மணிக்கு நான் அரிவாளோடு வந்துவிடுவேன். எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்மூலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஜனவரியில் நாங்களே அறுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
ஏற்காடு.