பாப்பா, அந்த ஆளை வரச் சொல்லாதே

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்த்துவிட்டேன், வேண்டாம். ராத்திரி பகலாகக் கூடவே இருக்க ஓர் ஆள், குளிக்க வெந்நீர் எடுத்து வைப்பதும் அவளே, மாடிப்படி பக்கம் நான் போகக்கூடாது என்று ஒரு சட்டம், எல்லாம் பாசத்தில்தான் சொல்கிறாய், தெரியாமல் இல்லை. ஆனால் நான் இப்படிப் பலம் இழந்து ஒடுங்கிப்போனதில் பாதி அந்தப் பாசத்தால்தான். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும், முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

அப்பா போன பிறகு நீ வந்து என்னென்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போனாய்? சமைக்க, பெருக்கித் துடைக்க ஒருத்தி, மளிகை போனிலேயே, துணி மெஷினில், மொட்டைமாடிக்குப் போகாமல் தாழ்வாரத்திலேயே கொடி. அதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தேன், எத்தனை தடவை படி ஏறி இறங்கினேன் என்று யார் எண்ணினார்கள்? திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை தொங்க வந்தது உடற்பயிற்சி என்று எனக்கே தோன்றியதில்லை. அத்தனையும் ஒரே மாதத்தில் நின்றுபோனது. நானும் "என் பெண் என்னை ராணி மாதிரி வைத்திருக்கிறாள்" என்று மஞ்சக்குப்பம் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

சாப்பாட்டில் தப்பு என்னுடையது. ஒருத்திக்காக எதற்கு மீன் என்று விட்டேன், ஒருத்திக்காக எதற்குப் பருப்பு என்று விட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மோர் சாதம் ஊறுகாய். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாள் முழுக்கச் சேர்த்தாலும் புரதம் 30 கிராமைத் தொடவில்லை. வயதானவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள், எனக்கு ஐம்பதுக்கு மேல் வருகிறது. எடை 56-லிருந்து 51-க்கு இறங்கினபோது நீ வீடியோவில் பார்த்து "அம்மா ஸ்லிம் ஆயிட்ட, சூப்பர்" என்றாய், ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் ஆடி மாதம் அந்த ஜுரம். பத்து நாள் படுத்த படுக்கை. முப்பத்திரண்டு வருஷம் வார்டில் "பெரியவரே, படுத்தே கிடக்காதீங்க, எழுந்து நாலடி நடங்க" என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான், என் முறை வந்தபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். 2007-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான வயதானவர்கள் சிலரைப் பத்து நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 67, என் வயதுதான். காலில் இருந்து மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விட்டது. அவர்கள் நோயாளிகள்கூட இல்லை, சும்மா படுத்திருந்தவர்கள். ஜுரத்தோடு, வெறும் கஞ்சியோடு படுத்திருந்த எனக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பாடலீஸ்வரர் கோயிலில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழலாம் என்று பார்த்தால் கால் எழவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, சும்மா எழவில்லை. ஒரு கையை ஊன்றினேன், இரண்டு கையையும் ஊன்றினேன், மண்டி போட்டுத் தூணைப் பிடித்துப் பார்த்தேன். தாண்டிப் போனவர்கள் நான் ஏதோ வேண்டுதல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் வாசலில் பூ விற்கிற அம்மாதான் வந்து "என்ன சிஸ்டரம்மா" என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். கூடையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் தூக்கினாள். (உழைக்கிறவர்களுக்கெல்லாம் உடம்பு கல் மாதிரி இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அரை வயிற்றோடு உழைத்து ஐம்பதிலேயே ஒடுங்கிப்போனவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.)

மறுநாளே பிசியோதெரபி தம்பியிடம் போனேன். ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார், 15 கிலோ காட்டியது. பெண்களுக்கு 18-க்குக் கீழே போனால் பலம் குறைவு என்று கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார், 17 விநாடி. 12 விநாடி ஆனாலே கவனிக்க வேண்டும் என்றார். நம் ஊரில் "ஆள் ஒடுங்கிட்டாங்க" என்கிறோமே, அதற்கு மருத்துவத்தில் ஃப்ரெய்ல்டி என்று பெயர். 2001-இல் லிண்டா ஃப்ரைட் என்கிற அமெரிக்க மருத்துவர் குழுவோடு சேர்ந்து ஐந்து அடையாளம் சொல்லிவைத்தார்: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் ஃப்ரெய்ல்டி, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தின படி. எனக்கு நான்கு இருந்தது. நடை மட்டும் தப்பியது.

அப்பாவுக்கும் இதேதான் நடந்தது, அப்போது நமக்குப் பெயர் தெரியவில்லை. ரிடையரான மறுநாளிலிருந்து சாய்வு நாற்காலி, டிவி, சிகரெட். முதலில் டீக்கடை நண்பர்களை விட்டார், அப்புறம் தெருமுனையை விட்டார், அப்புறம் வாசல்படியை. நாம் எல்லாவற்றுக்கும் வயசாகிவிட்டது என்று ஒரே பதில் வைத்திருந்தோம்.

ஆனால் இது ஒருவழிப் பாதை இல்லை பாப்பா. 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் பாரம் தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். தொண்ணூறு வயதில்! எனக்கு அறுபத்தேழுதான். அதனால் காலையும் மாலையும் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் பத்துப் பத்தாக எழுந்து உட்காருகிறேன், தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் தூக்குகிறேன், துணி மறுபடி மொட்டைமாடியில்தான் காய்கிறது. வாரம் மூன்று நாள் ஷேர் ஆட்டோ பிடித்துச் சில்வர் பீச் போய் மணலில் நடக்கிறேன், ஆனால் நடை மட்டும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும் என்று அந்தத் தம்பி கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு முட்டை, அதிலேயே 12 கிராம் வந்துவிடும். சாயந்திரம் சுண்டல். முதுநகரிலிருந்து வருகிற மீன்காரம்மா மறுபடி நம் வாசலில் கூடையை இறக்குகிறாள். நீ அனுப்பின புரோட்டீன் பவுடர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, கண் முன்னால் மத்தி இருக்கும்போது அதை எவன் குடிப்பான்?

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோமே, நீ வலது கையை ஊன்றி, முட்டியைப் பிடித்து, "அப்பாடா" என்று எழுந்தாய். உனக்கு முப்பத்தொன்பது வயது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால், காலையில் வெறும் காபி, ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாடு. நாற்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும், மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு அது இன்னும் வேகமாகப் போகும். எனக்குச் செய்கிற ஏற்பாட்டில் கால்வாசியை உனக்குச் செய்துகொள்.

சமையலுக்கு வருகிறவளை நிறுத்திவிடவில்லை, வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன், பேச்சுத்துணைக்கும் ஆகும். புது ஆளுக்குச் சொல்லிவிடு, அம்மாவுக்கு வேண்டாமாம் என்று. சாயந்திரம் ஐந்தரைக்கு மேல் போன் செய்யாதே, நான் கடற்கரையில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் மூடி எனக்கு இன்னும் திறக்கவில்லை. சமையலுக்கு வருகிறவள் திறந்து தருகிறேன் என்கிறாள், தொடவிடவில்லை.