ஏப்ரனை மடிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை 140க்கு இறங்கியிருக்கிறது. மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தாச்சு. வேறு சேதி இல்லை.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மெல்போர்ன் வெயிலில் உன் எக்ஸ்ரே வேனுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். அம்மா 'இளைச்சுட்டா' என்றாள். என் கண் போனது உனக்குப் பின்னால். கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரன் நாலாய் மடித்து சீட்டில் கிடக்கிறது. மடிக்கக் கூடாது பாப்பா. மடிப்பில் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. கொக்கியில் தொங்கவிடு. மேலே படுகிற கதிரை அளக்கிற பேட்ஜையும் சட்டையில் காணோம். ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்திக்கொள். வேனில் போட்டுவிட்டு இறங்காதே, சூட்டில் அதன் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்த போட்டோவில் கட்டிலில் கிடக்கிற பாட்டியின் கையைப் பிடித்திருக்கிறாய். படம் எடுக்கும்போதும் பிடித்தாயா? 31 வருஷம் இருட்டறையில் கிடந்தவன் சொல்கிறேன், ஆளைப் பிடிக்கிற வேலை ரேடியோகிராபருக்கு இல்லை. என்றைக்கோ ஒரு நாள் என்றால் சரி, நீ தினம் ஏழெட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறாய். அந்த அறைகளில் ஈயச் சுவரும் கிடையாது. தள்ளி நில். 1 மீட்டரில் நிற்பதை 2 மீட்டராக்கினால் மேலே படுவது கால்வாசிதான். நீ காலேஜில் படித்தவள், நான் பிலிம் கழுவியவன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சௌக்கியமா? அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன்: இந்த வேலையில் இருக்கிற பெண்கள் விசேஷம் என்று தெரிந்த அன்றைக்கே ஆபீசில் சொல்லிவிட வேண்டும். மற்றபடி உங்கள் மேல் படுகிற கதிருக்கு வரம்பு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட். வயிற்றுப் பிள்ளைக்கு 1 தான். அதற்கு மேல் போகாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. போன ஆடிக்குப் பிறகு இதை எழுத எத்தனை தாள் கிழித்தேன் தெரியுமா. உன்னை இந்தப் படிப்பில் சேர்த்தது நான்தானே.

உன் வேலையைப் பற்றி டீக்கடையில் பெருமை பேசாத நாள் இல்லை. முன்னெல்லாம் விழுந்த கிழவியை ஆம்புலன்ஸில் தூக்கிப்போய், எமர்ஜென்சியில் விடிய விடியக் கிடத்தி, முறிவு இல்லை என்று திருப்பி அனுப்புவார்களாம். இப்போது மெஷினே கட்டிலுக்குப் போகிறது. தட்டை முதுகுக்குக் கீழே வைத்தால் படம் உடனே லேப்டாப்பில். போய்வரும் செலவுக்கு 2019 நவம்பரிலிருந்து அந்த ஊர் அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேரே பணம் தருகிறது என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். என் காலத்து மெஷின் தரையோடு போல்ட் போட்டது. ஆனால் இங்கேயும் காசநோய் முகாமுக்குக் கையிலே பிடிக்கிற எக்ஸ்ரே வந்துவிட்டது, போய்ப் பார்த்தேன். கேமரா மாதிரி இருக்கிறது.

இங்கிலீஷ் மறந்துபோன இத்தாலிக்காரப் பாட்டிக்காக 'நொன் ரெஸ்பிரி' என்று சொல்லப் பழகினேன் என்றாயே, அதை அம்மாவிடம் தினம் சொல்லிக்காட்டுகிறேன். நம் ஊர் 'மூச்சை இழுத்துப் பிடிங்க'தான்.

மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. யார் யார் வீட்டுப் பாட்டிகளையோ தேடிப் போகிறவளுக்கு, பெற்றவர்களைக் கூப்பிட ஐந்து நிமிஷம் இல்லையா என்று எழுத உட்கார்ந்தேன். அதைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது.

அப்பத்தா விழுந்தது 1994 ஐப்பசியில். நீ இரண்டாம் வகுப்பு. சுளுக்கு என்றுதான் உனக்கும் சொன்னோம். லீவு போட்டுப் போய்ப் போர்வையை விலக்கினேன். இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்படிக் காலோடு வந்தவர்களின் பிலிமை எத்தனை நூறு ஹேங்கரில் மாட்டிக் காயப்போட்டிருப்பேன்! தொடை எலும்புக் கழுத்தில் முறிவு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது பாப்பா.

நான் வேலை பார்த்த மெஷின் 22 மைலில் இருந்தது. ஜீப்பில் ஏற்றினால் துடிப்பாள், ஆபரேஷன் என்பார்கள், பணத்துக்கு உன் சித்தப்பா வாசலில் நிற்க வேண்டும். சுளுக்குத்தான் என்று சொன்னது வைத்தியர் இல்லை, நான். எக்ஸ்ரே ரூமில் இருக்கிறவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினார்கள். புரட்டிப் போடும்போதெல்லாம் அவள் போட்ட சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். முதுகில் புண் வைத்தது, பிறகு நெஞ்சில் சளி. 41 நாள்.

அம்மாவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் இதை எடுக்காதே, போன் ஸ்பீக்கரில் இருக்கும். பேட்ஜில் போன மூன்று மாசத்துக்கு என்ன கணக்கு வந்தது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
அப்பா