மரவட்டைக்கு ஒரு பதில்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு கொஞ்ச நாள் குனிந்து எதுவும் செய்யாதீர்கள் என்றார் டாக்டர், அதுதான் என் சாக்கு. இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. முதல் வேலையாக, ஏழு வருஷமாக அலமாரியில் பிரிக்காமல் கிடந்த ஒரு பெட்டியை இறக்கினேன். டிரெல் பி34 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் கார், இருபதில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாடல். ஆமாம், முன்னால் நான்கு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், அதே ஆறு சக்கரக் கார்தான். நீ மரவட்டை என்று பெயர் வைத்தாயே, அதே.

முன்பக்கத்துக்கு மட்டும் மூன்று ராத்திரி ஆனது. ஸ்டியரிங் முதல் ஜோடிச் சக்கரத்தைத் திருப்பும். அங்கிருந்து ஒரு சின்னத் தண்டு பின்னால் போய் இரண்டாவது ஜோடியையும் கூடவே இழுத்துத் திருப்பும். நிஜக் காரிலும் ஏற்பாடு இதேதான். மாடலில் அந்தத் தண்டு தீக்குச்சியில் பாதி கனம்கூட இல்லை. பசை ஒரு சொட்டு கூடிப்போய் மூட்டு இறுகிவிட்டது. விடுவிக்கலாம் என்று லேசாக அசைத்தேன், பட்டென்று முறிந்தது. இப்போது முதல் ஜோடி இடப்பக்கம் திரும்பினால், இரண்டாவது ஜோடி தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நம் பழைய சண்டை ஞாபகம் வந்தது. "அவ்வளவு நல்ல யோசனை என்றால் ஏன் வேறு யாரும் காப்பியடிக்கவில்லை?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது சொல்கிறேன், கேள்.

வடிவமைத்த டெரிக் கார்ட்னரின் இடத்தில் நின்று பார். 1975. ஃபெராரி மாதிரி சிலரை விட்டால் பெரும்பாலோரிடம் இருந்தது அதே மூன்று லிட்டர் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின். எஞ்சினை வைத்து யாரையும் முந்த வழியில்லை, மிச்சம் இருந்தது காற்றுதான். விதிப்படி காரின் மூக்கு ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. வழக்கமான முன் டயர்களோ அதற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதில் மோதும் காற்று காரின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அதை அமுக்க மூக்கில் இருக்கும் இறக்கை மாதிரிப் பலகையைச் சரித்தால் வேகம் குறையும். சரி, டயரையே மூக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டால்? பத்து அங்குலச் சக்கரம் என்றால் ஒளிந்துகொள்ளும். ஆனால் அவ்வளவு சின்ன டயர் இரண்டே இரண்டு இருந்தால் ரோட்டில் பிடிப்பு போதாது. அதனால் நான்கு. வேடிக்கைக்காக யாரும் ஆறு சக்கரம் வைக்கவில்லை, முரளி. ஒளிக்கப் போன கணக்கின் மீதி அது. கூடவே முன்பக்கம் இரண்டு பிரேக்குக்குப் பதில் நான்கு கிடைத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பின் டயர்கள் பழையபடி பூதாகாரமாகவே இருந்தன. முன்னால் ஒளிந்த காற்று பின்னால் போய் மோதத்தான் செய்தது. நேர்ரோட்டில் எதிர்பார்த்த அளவுக்கு லாபம் இல்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் லண்டன் ஹீத்ரோ பக்கம் ஒரு ஹோட்டலில் காரைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். போர்வைக்கு அடியில் வளையங்களை வைத்து, சாதாரண முன் டயர் இருப்பது போலவே தெரியும்படி செய்திருந்தார்களாம். அணியின் முதலாளி கென் டிரெல்லுக்கு என்ன குறும்பு பார்.

களத்துக்கு வந்தது 1976 மே மாதம், ஸ்பெயினின் ஹராமாவில். ஒரே ஒரு கார், ஓட்டியவர் பத்ரிக் டெபாயே. பந்தயத்தை முடிக்கவில்லை, ஆனால் தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம். மொனாக்கோவில் அணியின் இன்னொரு ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் இரண்டாவது, டெபாயே மூன்றாவது. அப்புறம் ஜூன் 13, ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப். முன்னால் போய்க்கொண்டிருந்த மாரியோ அந்திரெட்டிக்கு, அவசரப்பட்டுக் கிளம்பியதற்காக ஒரு நிமிடம் அபராதம், போதாததற்கு எஞ்சினும் போனது. ஷெக்டர் முதலிடம், டெபாயே இரண்டாமிடம். ஆறு சக்கரக் கார் ஒன்று ஃபார்முலா ஒன் பந்தயத்தை வென்றது அன்றைக்கு மட்டும்தான். வருஷக் கடைசியில் ஷெக்டர் 49 புள்ளியோடு மூன்றாவது, டெபாயே 39 புள்ளியோடு நான்காவது. மரவட்டைக்கு இது மோசமா?

1977இல்தான் சறுக்கல். ஷெக்டர் வேறு அணிக்குப் போனார், ரோனி பீட்டர்சன் வந்தார். அந்தப் பத்து அங்குல டயரை குட்இயர் கம்பெனி செய்து கொடுத்தது டிரெல் ஒருவருக்காக மட்டும். மற்ற எல்லோருக்குமான பின் டயர் மாதாமாதம் மேம்பட்டது, இந்தக் குட்டி டயர் இருந்த இடத்திலேயே நின்றது. பின்பக்கம் ரோட்டைக் கவ்வுகிறது, முன்பக்கம் வழுக்குகிறது என்றால் யார்தான் ஓட்ட முடியும்? சமாளிக்க முன் சக்கரங்களை அகல வைத்தார்கள். அவை மூக்கைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. எதற்காக ஆறு சக்கரம் வைத்தார்களோ அந்தக் காரணமே போயிற்று! எனக்கு இந்தக் கதையில் வயிற்றெரிச்சல் இந்த இடத்தில்தான். இரண்டு வருஷம், 30 பந்தயம், ஒரே வெற்றி.

காப்பியடிக்கவில்லை என்பதும் சரியில்லை. மார்ச், ஃபெராரி, வில்லியம்ஸ் என்று மூன்று அணிகளும் ஆறு சக்கரக் காரைச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள், பின்பக்கம் நான்கு வைத்து. கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் எதுவும் இறங்கவில்லை. 1983 முதல் நான்கு சக்கரம்தான் என்று விதியே வந்துவிட்டது.

நீ கேட்டிருக்க வாய்ப்பில்லாதது ஒன்று. பழைய ஃபார்முலா ஒன் கார்களுக்கென்று நடக்கும் பந்தயத் தொடரில், ஏவான் கம்பெனி புதிதாகப் பத்து அங்குல டயர் செய்து கொடுக்க, மார்ட்டின் ஸ்ட்ரெட்டன் ஒரு பி34ஐ ஓட்டி 2000இல் பட்டத்தையே வென்றார். டயர் கிடைத்ததும் மரவட்டை ஓடியது. இன்னொன்று: ஓட்டிய காலத்திலிருந்தே ஷெக்டருக்கு இந்தக் காரைப் பிடிக்காது. அவரே பிற்பாடு தன் சேகரிப்பில் ஒரு பி34ஐ வைத்துக்கொண்டார்.

மாடலில் ஓட்டுநர் இருக்கைக்கு இரண்டு பக்கமும் குட்டி ஜன்னல் இருக்கிறது. முன் சக்கரம் கண்ணுக்கே தெரியாததால், ஓட்டுபவர் எட்டிப் பார்க்க நிஜக் காரிலும் வைத்தது. நகத்தளவு கண்ணாடித் தாள். நேற்று அதை ஒட்டும்போது கை நடுங்கவே இல்லை.

நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய், சரியாக எழுது. உன் பழைய சாமான் பெட்டியில் மெல்லிய பித்தளைக் கம்பி இருந்தால் கடிதத்தோடு ஒரு சாண் நீளத்துக்கு அனுப்பு. முறிந்த தண்டுக்குப் பதில் அதை வளைத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

உன்,
ரகு