நகத்தைப் பார்க்கிறீர்கள், முழங்காலையும் பாருங்கள்

எங்கள் வட்டார இளையோர் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் செய்ய வேண்டிய வார்ம்-அப் பற்றி நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினேன். முதலாவதற்கு, கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, வார்ம்-அப் அந்தந்த கிளப்பின் பொறுப்பு என்று ஒற்றை வரி வந்தது. சரி, இந்த முறை எனக்குக் கோபப்படத் தெரிந்த மொழியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகர்களில் ஃபுட்டி, அதாவது பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆடும் பிள்ளைகளைப் பெற்ற தமிழர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும். உங்களுக்கு ஆங்கிலப் பிரதி ஒன்று தனியாக வரும். அதில் காரம் கம்மி.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வந்ததால் அடுத்த ஆட்டம் நாற்பது நிமிடம் தாமதம் என்று குறிப்பு எழுதியதே நீங்கள்தான். ஸ்ட்ரெச்சரில் போன பிள்ளை, எங்கள் அணியில் இரண்டு சீசனுக்குள் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்த மூன்றாவது பெண். முதல் பெண் என் மகள். அந்தப் பிள்ளையின் எம்.ஆர்.ஐ. முடிவு வருவதற்கு முன்பே, திங்கட்கிழமை காலையில், உங்கள் புது அட்டவணை வந்துவிட்டது. பெண்கள் ஆட்டத்துக்கும் அதற்கு முந்தைய ஆட்டத்துக்கும் நடுவே இருந்த இருபது நிமிடத்தைப் பத்தாக வெட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். 15 நிமிடம் முறையாக வார்ம்-அப் செய்யாத அணியை இறங்க விடாதீர்கள். அதை விதியாக எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த 15 நிமிடத்துக்கு மைதானத்தையும் கொடுங்கள்.

விதி போடுவது உங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நடுவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறார். விரல் நகம் நீளமா, காதில் தோடு இருக்கிறதா, பூட்ஸின் அடிக்கட்டை கூராக உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கிறார். ஒருமுறை என் மகளின் மணிக்கட்டில் இருந்த கயிற்றைக் கழற்றச் சொன்னார். பாட்டி திருச்சியிலிருந்து அனுப்பிய சமயபுரம் கயிறு அது. அவள் கெஞ்சி, மேலே டேப் சுற்றிக்கொண்டு இறங்கினாள். நடுவர் மேல் தப்பே இல்லை, யார் விரலாவது மாட்டினால் ஆபத்து. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கி, சாக்ஸை இழுத்துவிட்டு, இரண்டு தடவை பந்தை உதைத்துவிட்டு அப்படியே களத்துக்குப் போனார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இது மோதல் ஆட்டம், அடிபடத்தானே செய்யும் என்று உங்களில் ஒருவர் தேநீர் வேளையில் என் தோளைத் தட்டிச் சொன்னார். ஐயா, என் மகள் விழுந்தபோது அவளைச் சுற்றி ஐந்து மீட்டருக்கு ஆளே கிடையாது. எகிறிப் பந்தைப் பிடித்தாள், ஒற்றைக் காலில் இறங்கினாள், அதே காலில் திரும்பப் பார்த்தாள். அவ்வளவுதான். ஏ.சி.எல். காயங்களில் பெரும்பங்கு இப்படித்தான், யாரும் இடிக்காமல், இறங்கும்போதும் திரும்பும்போதும் நடக்கிறது என்று உங்கள் கிளப் பிசியோவே சொல்வார். பெண்களுக்கு இது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

அன்று இரவு என் அம்மா போனில் புத்தூர் கட்டு போடச் சொன்னார். எலும்பு முறியவில்லை அம்மா, உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்றேன். "உனக்குக் கபடியில முட்டி பிசகுச்சே, அது மாதிரியா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. எனக்கு 19 வயதில் பிசகியதும் அநேகமாக இதேதான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் தெரியாது, எண்ணெய் தடவிக் கட்டிவிட்டார்கள், நானும் ஆட்டத்தை விட்டுவிட்டேன். இங்கே பெயர் தெரிகிறது, காரணம் தெரிகிறது, குறைக்கும் வழியும் தெரிகிறது. அதனால்தான் இங்கே கோபம் அதிகமாக வருகிறது.

பதிவுக் கட்டணத்தோடு காப்பீடும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பட்டியலில் உள்ள எந்தச் சிகிச்சைக்கும் இந்த மாதிரிக் காப்பீடு பணம் தரக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறவர்கள். மெடிகேர் தருவது போக மீதிப் பள்ளத்தைப் பெற்றவர்கள்தான் நிரப்ப வேண்டும். எங்களிடம் தனியார் மருத்துவக் காப்பீடும் இல்லை. கிளப் காப்பீட்டில் எங்களுக்குக் கிடைத்தது ஊன்றுகோல் செலவும் பிசியோ கட்டணத்தில் ஒரு பகுதியும்.

ஆகவே அரசு மருத்துவமனை. உயிருக்கு ஆபத்தில்லாத மூட்டு அறுவைக்கு மூன்றாம் வகை என்று போட்டால் 365 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்த 365-ஐ எண்ண ஆரம்பிப்பது மருத்துவர் பார்த்துப் பட்டியலில் பெயர் எழுதிய நாளிலிருந்துதான். அந்த மருத்துவரைப் பார்க்கவே தனியாக ஒரு வரிசை. போன வருடம் மே மாதம் கிழிந்த ஜவ்வுக்கு இந்த வருடம் பிப்ரவரியில் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஆடக் கூடாது. அவசரப்பட்டால் திரும்பக் கிழியும். 25 வயதுக்குள் இருந்து ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த முழங்காலோ மற்றதோ மறுபடி போகிறது. ஆக நவம்பர். ஒரு நொடியில் நடந்த காரியத்துக்கு முழுதாக இரண்டு சீசன்.

அந்த இரண்டு சீசன் எவை என்பதுதான் விஷயம். பதினாறும் பதினேழும். திறமைத் தேர்வு அணிகள் பிள்ளைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வயது. பதினெட்டில் டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுப்பது. என் மகள் கிழிவதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அப்படி ஓர் அணியின் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. விஷயம் தெரிந்ததும், உடல் தேறியபின் தொடர்புகொள்ளவும் என்று எழுதினார்கள். மரியாதையான கடிதம்தான். எங்கள் கிளப் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஆட்டக்காரர்கள் பெயர் எழுதிய காந்த வில்லைகளை நகர்த்தி நகர்த்தி அணி அமைப்பார்கள். போன வருடம் அவள் வில்லை காயம்பட்டோர் வரிசையில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் வியாழக்கிழமை தவறாமல் பயிற்சிக்கு வந்து, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, கோன் அடுக்கி, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் ஏப்ரலில் நாங்கள் போனபோது வில்லை இல்லை. யாரும் வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள், பழைய பட்டியலை அழித்தபோது அதுவும் போயிருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மார்க்கரை எடுத்து, ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தில் தன் பெயரை எழுதி, அடுத்த வியாழக்கிழமை கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தாள்.

தொலைக்காட்சியில் திரும்பி வந்தவர்களின் கதைகளைச் சொல்லி ஆறுதல் படுத்தாதீர்கள், எனக்கும் அவை மனப்பாடம். கிறிஸ்டியன் பெட்ராக்கா 2014 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் முழங்கால் போய் 2015 முழுக்க வெளியே இருந்தார், 2021 இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். எலைஜா ஹாலண்ட்ஸ் முழங்கால் கிழிந்த அதே 2020-இல் ஏழாவதாக எடுக்கப்பட்டார். சந்தோஷம். ஏற்கெனவே ஊருக்கே பெயர் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஒப்பந்தம் கையில் இருந்தால் மருத்துவரும் பிசியோவும் சம்பளமும் கூடவே வரும். அப்படி இருந்தும் அலெக்ஸ் ஜான்சன் பட்ட பாட்டைப் பாருங்கள். 2012-இல் சிட்னி அணியோடு கோப்பை வென்ற இளைஞர். அடுத்த வருடத் தொடக்கத்தில் இடது முழங்கால் போனது. அந்த ஒரே முழங்காலில் ஐந்து முறை ஜவ்வைச் சரிசெய்யும் அறுவை. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து 2018-இல் திரும்பினார், இரண்டாவது ஆட்டத்திலேயே வலது முழங்கால் கிழிந்தது. மொத்தம் 47 ஆட்டம். அவருக்கே அப்படி என்றால், அணிப் பட்டியலின் கடைசியில் பென்சிலால் எழுதப்பட்ட பெயர்களின் கதி என்ன?

வழி தெரியாமல் இருந்தால் நான் இப்படிக் கத்த மாட்டேன். இந்த ஆட்டத்தை நாடு முழுக்க நடத்தும் ஏ.எஃப்.எல். அமைப்பும் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய பிரெப் டு ப்ளே பயிற்சி இருக்கிறது. எகிறி இறங்குவது, சட்டென்று திசை மாற்றுவது, மோதலுக்குத் தயாராவது, தொடைக்கு வலு எல்லாம் அதில் உண்டு. இதுபோன்ற பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் பெண்களின் ஏ.சி.எல். காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல விளையாட்டுகளில் பார்த்துவிட்டார்கள். கருவி வேண்டாம், காசு வேண்டாம். உங்கள் தளத்திலும் அதற்கு இணைப்பு இருக்கிறது, நான் தேடிப் பார்த்தேன், நான்கு பக்கம் உள்ளே போனால் கிடைக்கும். இணைப்பு கொடுப்பதும் மைதானம் கொடுப்பதும் ஒன்றா?

சொல்லும்போதே இன்னொன்றும் வருகிறது. பெண்கள் அணிக்கு ஏன் எப்போதும் அந்தக் கோடியில் உள்ள இரண்டாம் மைதானம்? சீசன் தொடக்கத்தில் அது சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். அங்கே வளர்வது கூச் புல், அதாவது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல் இனம். அந்த இனப் புல் பூட்ஸின் கட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறது, ரை புல்லைவிட அதில் முழங்கால் அதிகம் போகிறது என்று மருத்துவர் ஜான் ஆர்ச்சர்ட் பல வருடம் முன்பே எழுதினார். அப்புறம் அந்த அபராதங்கள். அணிப் பட்டியல் அரை மணி தாமதமானால் அபராதம். கோல் நடுவருக்கு வெள்ளைக் கோட் இல்லையென்றால் எச்சரிக்கை. கேன்டீனில் சாசேஜ் புரட்ட என் முறைக்கு நான் வரவில்லை என்று எனக்கு இரண்டு மெயில் வந்தது. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மருத்துவமனையில். சாசேஜுக்கு உள்ள கவனிப்பில் கால்வாசி முழங்காலுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

மன்னிக்கவும், இதை ஆங்கிலப் பிரதியில் எடுத்துவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். ஒரே நாளில் அத்தனை ஆட்டங்களை இத்தனை மைதானங்களில் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். புல்லை மாற்றச் சொல்லவில்லை, அது கவுன்சில் வேலை. சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, அது கான்பெராவின் வேலை. மகளுக்குப் போன இரண்டு வருடத்தையும் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். நகம் பார்க்கும் நடுவர், இந்த அணி 15 நிமிடம் வார்ம்-அப் செய்ததா என்று பயிற்சியாளரிடம் கேட்டு ஒரு கட்டத்தில் டிக் போடட்டும். டிக் இல்லையென்றால் பந்து எழும்ப வேண்டாம். ஆட்டத்தின் நான்கு பகுதிகளிலும் இரண்டிரண்டு நிமிடம் குறைத்தாலும் நேரம் கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் கேட்டேன், அவர்களுக்குச் சம்மதம்.

தயவுசெய்து அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதித்தால் நானும் வருகிறேன், பேசாமல் பின்னால் உட்கார்ந்திருப்பேன். புது அட்டவணைப்படி எங்கள் ஆட்டம் சனிக்கிழமை காலை 10.20-க்கு. முந்தைய ஆட்டம் 10.10-க்கு முடிகிறது. அதை 10.30 என்று மாற்றி ஒரு மெயில் போட்டால் போதும்.

நன்றியுடன்,
14-ஆம் எண் சட்டைக்காரியின் அப்பா